கறுக்க மாட்டேன் என்ற மென்சவ்வு

"கீ...ஈ...ஈ" என்று ஒலிபெருக்கி கத்தியது. அந்தச் சத்தம் ஓயுமுன்னரே குசினிக்குள்ளிருந்து பிலோமினா அன்ரியின் குரல் வந்தது.

"போச்சோ பிள்ளை?"

"போச்சு அன்ரி."

"எத்தினையாவது?"

"இருவத்திமூண்டு," என்று எனக்கு முந்திக்கொண்டு அவாவின் மகன் அன்ரன் பதில் சொன்னார். உடைந்தவற்றையெல்லாம் அவர் சுவரில் கரிக்கட்டியால் கோடு கீறி வைத்திருந்தார்.

"சரி, அந்தக் கோப்பையை இஞ்ச தாங்கோ, கழுவித் தாறன். மனதை விடாதேங்கோ."

இது நடந்தது புதுக்குடியிருப்பில், சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அன்ரனின் றேடியோ திருத்தும் கடையின் பின்னறையில். ஆண்டு தொண்ணூற்றெட்டாக இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். எனக்கு ஆண்டுகளைவிட மணங்கள்தான் நினைவில் நிற்கும். அந்த அறையில் ஈயம் உருகும் மணம், மண்ணெண்ணெய் மணம், அவித்த முட்டை மணம் மூன்றும் ஒன்றாகக் கிடந்தன.

கிடுகுக் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து சேரும் நேரத்துக்கு அந்த ஓட்டையால் வெயில் இறங்கும். ஒரு மணித்தியாலம் நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் அதைத் திருப்பி மேசையில் விழுத்துவோம். அதுதான் எங்கள் விளக்கு.

மேசையில் காற்றடித்த சைக்கிள் ரியூப் ஒன்று, அதிர்வைத் தாங்க. அதன் மேல் ஒரு பலகை. பலகையில் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய உப்புத் தண்ணீர். தம்ளருக்குள் இருமல் மருந்துப் போத்தலோடு வருகிற சின்னப் பிளாஸ்ரிக் கோப்பை, அதற்குள்ளும் உப்புத் தண்ணீர். கோப்பையின் பக்கத்தில் கடுகளவு துளை. அந்தத் துளையை மூடி ஒரு படலத்தைப் பூசி, அது உடையாமல் நிற்க வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" என்னை ஒரு கிழமையாக உலுப்பி எடுத்துக்கொண்டிருந்தது.

கடிதத்தில் இருந்த நிபந்தனை

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வட்டக்கச்சிப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்த கையோடு, சண்டையால் அங்கிருந்து இடம்பெயர்ந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டில் பெட்டியை அவிழ்த்து அடுக்கி முடிக்கவில்லை, வட்டக்கச்சியிலிருந்தும் எழும்ப வேண்டி வந்தது. கடைசியில் புதுக்குடியிருப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியை ஆனேன். என் பட்டச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, தரவேண்டியவர்களுக்கும் தெரியாது.

இத்தனை ஓட்டத்திலும் என்னோடு தப்பி வந்தது ஒரு கொப்பி. இறுதியாண்டில் வகுப்பில் பேசுவதற்காக நான் எழுதிய குறிப்பு அதில் இருந்தது. விஷயம்: செயற்கை இலிப்பிட்டு மென்சவ்வில் அயன் கால்வாய்ப் புரதங்களை ஆராய்வது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி எண்ணெய்த்தன்மையான ஒரு மெல்லிய மென்சவ்வு இருக்கிறது. உப்பின் துகள்களான அயன்கள் அதை ஊடுருவ முடியாது. அவை போய்வர அந்தச் சவ்வில் சில புரதங்கள் வழிவிட்டு நிற்கின்றன. இதயம் துடிப்பதும் நீங்கள் இந்த வரியை வாசிப்பதும் அந்த வழிகளால்தான். ஆனால் உயிருள்ள கலத்தில் ஆயிரம் வகைப் புரதங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கலியாண வீட்டில் ஒருவரின் கதையை மட்டும் பிரித்துக் கேட்க முடியுமா? அதனால் ஆராய்ச்சிக்காரர் இலிப்பிட்டு என்ற கொழுப்பால் மட்டும் ஒரு மென்சவ்வைச் செய்து, அதற்குள் ஒரேயொரு வகைப் புரதத்தை விட்டு, அது என்ன செய்கிறது என்று கேட்பார்கள். எனக்கு அந்த யோசனை படித்த நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று.

அந்த வேலையில் பேர்போன ஒரு பேராசிரியரின் விலாசமும் கொப்பியில் இருந்தது. குளிர் நாட்டுக்காரர். அவருடைய ஆய்வுகூடத்தில் மாணவியாகச் சேர இடம் கேட்டு எழுதினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது.

உங்கள் சான்றிதழ்களை என்னால் பார்க்க முடியாது என்பது விளங்குகிறது. அதற்குப் பதிலாக உங்கள் கையால் நீங்களே செய்த ஒரு பரிசோதனையை எழுதி அனுப்புங்கள். இன்ன திகதிக்குள் தபாலில் சேர்த்தால் போதும் என்று எழுதியிருந்தார். அந்தத் திகதிக்கு மூன்று கிழமைதான் மிச்சம் இருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை வவுனியாப் பக்கம் ஒரு தபால் பை போகும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

உருளைக்கிழங்கைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்ட கதையை எழுதியிருக்கலாம். வகுப்பில் செய்ததுதானே. ஆனால் எனக்கு ரோசம் அதிகம். அந்த மனிசன் எதில் பெயரெடுத்தவரோ அதையே புதுக்குடியிருப்பில் செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். கரண்டே இல்லாத ஊரில் மின்னோட்டம் அளக்கப் புறப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடல் வேண்டாமென்ற ஆள்

அன்ரன் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். என் வயதுதான். தகப்பன், சகோதரர் எல்லோரும் கடல் தொழில். இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் குமட்டிச் சத்தி வரும். "நான் கடலை விடேல்லை ரீச்சர், கடல்தான் என்னை விட்டது," என்பார். கரையிலிருந்து எழும்பி வந்த பிறகு வீட்டார் களப்பில் இறால் பிடிக்கப் போக, இவர் கடை போட்டார். பற்றறி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவால் செய்தி கேட்ட காலம். அவர் கடையில் ஆள் குறையாது.

இந்தத் தொடரில் ஒரு ஆணின் பெயர் வந்தவுடன் "கலியாணம் எப்போது?" என்று எழுதிக் கேட்கும் வாசகிகளுக்கு ஒரு தகவல். அன்ரனுக்கு அப்போதே பெண் பேசி முடித்தாகிவிட்டது. நீங்கள் நிம்மதியாக மேலே வாசிக்கலாம்.

"மிச்சம் சின்னக் கரண்டை அளக்க ஏலுமோ?" என்று முதல் நாள் அவரிடம் கேட்டேன்.

"எவ்வளவு சின்னன்?"

"ஒரு ரோச் பல்ப் எரியிற கரண்டிலை பத்து லட்சத்திலை ஒரு பங்கு."

அவர் ஈயம் ஒட்டும் கோலைக் கீழே வைத்தார். "அது கரண்ட் இல்லை ரீச்சர். வதந்தி."

ஆனால் மூன்றாம் நாளே செத்த றேடியோக்களிலிருந்து கழற்றிய திரான்சிஸ்ரர்களைச் சோடி சேர்த்து ஒரு சாமானைச் செய்துவிட்டார். கார் பற்றறியில் வேலை செய்யும். என் பழைய வெள்ளிக் கொலுசிலிருந்து இரண்டு துண்டுக் கம்பி எடுத்து, ஒன்றைக் கோப்பைக்குள்ளும் மற்றதைத் தம்ளருக்குள்ளும் விட்டோம். படலம் முழுதாக இருந்தால் மின்னோட்டம் போகாது, சத்தமும் வராது. படலத்தில் கால்வாய்கள் திறந்தால் "டிக், டிக்" என்று அடிக்கும். படலம் உடைந்தால் "கீ" என்று கத்தும். காதால் அளக்கும் கருவி.

யாருடைய காது?

மற்றச் சாமான்கள் நான் பொறுப்பு. இலிப்பிட்டுக்கு முட்டை மஞ்சள்கரு. அன்ரியின் கோழி தந்தது. மஞ்சள்கருவை அவித்து, மசித்து, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அடிப்போத்தலில் கிடந்த அசற்றோனால் கழுவி, பிறகு ஆஸ்பத்திரி ஸ்பிரிற்றில் ஊறவைத்து, வடித்து, காயவைத்தால் தேன்போல ஒரு பசை மிஞ்சும். அதைக் கரைக்க மண்ணெண்ணெய். விளக்குக்கென்று வைத்திருந்ததில் கொஞ்சத்தைச் சிரட்டைக்கரியில் மூன்று தரம் வடித்தேன். அந்த நாட்களில் மண்ணெண்ணெய் வாசனைத் திரவியம் மாதிரி அருமை என்பதால், வீட்டில் கிடைத்த பேச்சை இங்கே எழுதவில்லை.

கால்வாய்ப் புரதத்துக்குத்தான் திண்டாட்டம். என் கொப்பியில் கிராமிசிடின் என்ற ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். பதினைந்து அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த குட்டிச் சாமான். மென்சவ்வின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று வந்து தலையோடு தலை முட்டினால் ஒரு கால்வாய். விலகினால் இல்லை. கிருமிகளின் சவ்வையும் இப்படித்தான் துளைத்துக் கொல்லும். அதனால் சில காது மருந்துகளில் அதைச் சேர்ப்பார்கள். ஆஸ்பத்திரி மருந்துச் சாளரத்தில் போய் நின்றேன்.

"ஆருக்குக் காது?" என்று மருந்து கொடுப்பவர் கேட்டார். சிரிக்கத் தெரியாத மனிதர்.

"ஆருக்கும் இல்லை ஐயா."

"பிறகு?"

"முட்டைக்கு."

நான் முழுக்கதையையும் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அவர் எழும்பிப் போய், திகதி முடிந்து எறிய வைத்திருந்த ஒரு குப்பியை எடுத்துவந்து தந்தார். தந்துவிட்டு, "எதுக்கும் உங்கட காதை ஒருக்காக் காட்டுங்கோ," என்றார். காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கறுப்புக்காகக் காத்திருந்தவர்கள்

மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் வானவில் நிறம் தெரியும் அல்லவா? துளையில் தூரிகையால் பூசிய எங்கள் படலமும் முதலில் சாம்பல், பிறகு அந்த நிறங்கள். மெலிய மெலிய நிறங்கள் ஒழிந்து, கடைசியில் கறுத்துவிடும். கறுத்தால் அது இரண்டே மூலக்கூற்றுத் தடிப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடம்பின் கலமென்சவ்வும் அவ்வளவு தடிப்புத்தான். ஆகவே எங்களுக்குக் கறுப்பு என்றால் வெற்றி.

மணிக்கூடு திருத்துபவரிடம் இரவல் வாங்கிய குண்டுக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நான் பார்ப்பேன். சிவப்பு, பச்சை, ஊதா. அவ்வளவில் "கீ" என்று கத்தும். "போச்சோ பிள்ளை?" என்று குரல் வரும். கோப்பையை அன்ரி வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, வெள்ளைத் துணியில் கவிழ்த்துவைத்துத் திருப்பித் தருவா. ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் தருவா.

கோழியைக் குற்றம் சொன்னேன். அயல்வீட்டுக் கோழி முட்டை வந்தது. மண்ணெண்ணெயைக் குற்றம் சொன்னேன். திரும்ப வடித்தேன். தூரத்தில் எங்கோ அதிர்ந்தால் அதையும் குற்றம் சொன்னேன். அதற்குத்தான் சைக்கிள் ரியூப் வந்தது. முப்பத்தெட்டாவது உடைந்த அன்று குற்றம் சொல்ல அன்ரன் மட்டும்தான் மிச்சம்.

"உங்கட சாமான் கத்திறதுக்கெண்டே பிறந்தது," என்றேன்.

"அது உள்ளதைத்தானே சொல்லுது. உங்கட கைதான் நடுங்குது ரீச்சர்."

"என்ர கையோ?"

"ஓம். பாருங்கோ, இப்பவும் நடுங்குது."

நடுங்கியது உண்மைதான். கோபத்தில் படலையை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை. இனி இல்லை, உருளைக்கிழங்கே போதும் என்று நினைத்தேன். அடுத்த நாள் இரண்டரை மணிக்குக் கால்கள் தம்பாட்டில் அந்தக் கடைக்குத்தான் போயின. அன்ரன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார். முப்பத்தொன்பது.

அலுமாரிக்குள் இருந்தது

தபால் பை போகவிருந்த கிழமை. திங்கட்கிழமை அன்ரி தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டா. இரண்டு நாள் அங்கேதான். செவ்வாய்க்கிழமை கோப்பை கழுவும் வேலை அன்ரனுக்கு வந்தது. அவர் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் அள்ளி, கோப்பையை முக்கி எடுத்து, உதறி, "இந்தாங்கோ," என்றார்.

பூசினேன். சாம்பல். சிவப்பு, பச்சை. மூச்சைப் பிடித்தேன். நிறங்கள் மேலே ஒதுங்கின. அடியில் ஒரு கறுத்தப் பொட்டு முளைத்தது. சவர்க்காரக் குமிழி மேலேயிருந்து கறுக்கும். தண்ணீருக்குள் எண்ணெய் மேலே மிதப்பதால் இது கீழேயிருந்து கறுத்தது. என் கொப்பியில் இதை எழுதியிருந்தேன், மறந்துபோயிருந்தேன். கறுப்பு ஏறி ஏறித் துளை முழுக்க நிறைந்தது.

ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை.

"பழுதாகிட்டுதோ?" என்றார் அன்ரன்.

"இல்லை. இதுதான்."

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. எட்டு நிமிடம் நின்றது. பிறகு கிடுகுக்குள்ளிருந்து ஒரு பல்லி தம்ளருக்குள் விழுந்தது. அதை விடுங்கள்.

புதன்கிழமை அன்ரி வந்தா. செய்தியைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா. "இண்டைக்கு இன்னும் வடிவாக் கழுவித் தாறன்," என்று சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனா. அன்று நான்கு படலம் பூசினோம். நான்கும் நிறம் வருமுன்னரே உடைந்தன.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கோப்பையை எடுத்து மூக்கருகில் வைத்தேன். சந்தன மணம்.

"அன்ரி, இதை என்னத்தால கழுவினீங்கள்?"

"வேற என்னத்தால? சவுக்காரத்தாலதான்."

சவர்க்காரம்! பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் வராத சாமான்களில் அதுவும் ஒன்று. நாங்கள் பாத்திரத்தைச் சாம்பலாலும் தும்பாலும் தேய்த்தோம், உடுப்பைப் பனம்பழம் போட்டுத் தோய்த்தோம். அன்ரியின் தங்கச்சி வவுனியாவிலிருந்து ஆரிடமோ கொடுத்துவிட்ட ஒரு கட்டி, அலுமாரியில் கோயிலுக்கு உடுக்கும் சேலைக்கு அடியில், எண்ணெய்த்தாளில் சுற்றி இருந்ததாம். அவா கொண்டுவந்து காட்டினா. பாதிதான் மிச்சம். மற்றப் பாதி நாற்பது தரம் எங்கள் கோப்பையைக் கழுவித் தேய்ந்திருந்தது.

"வீட்டுச் சட்டி பானையெண்டா சாம்பல் காணும். இது படிப்புச் சாமான் அல்லோ பிள்ளை? ஒரு மரியாதை வேண்டாமோ?"

"எனக்குக்கூடத் தரேல்லையே அம்மா!" என்று அன்ரன் கத்தினார். "நான் அரப்பும் இல்லாமல் குளிச்சுக்கொண்டு திரியிறன். கோப்பைக்குச் சந்தனச் சவுக்காரமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படிச் சொல்வது? ஒரு கட்டி சவர்க்காரத்தை ஒரு மனிசி தன் முகத்துக்குக்கூடப் போடாமல் எங்களுக்காகக் கரைத்திருக்கிறா. அந்த அன்பில் மிஞ்சிய வழுவழுப்புத்தான் நாற்பது மென்சவ்வையும் உடைத்திருக்கிறது. நான் சொல்லாமல் விழுங்கப் பார்த்தேன். அன்ரன் போட்டு உடைத்துவிட்டார்.

அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. "அப்ப உத்தினை நாளும் நான்தானோ உடைச்சனான்?"

"இல்லை அன்ரி, சவுக்காரமும் இந்த இலிப்பிட்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் ஒரு பக்கம் தண்ணியிலை விருப்பம், மற்றப் பக்கம் எண்ணெயிலை விருப்பம். சொந்தக்காரர்மாதிரி உள்ளுக்கு வந்திடும். வந்து எல்லாரையும் பிரிச்சுவிட்டிடும்."

"அப்ப என்ர மச்சாளைப்போல எண்டு சொல்லுங்கோ," என்றா அன்ரி. மூன்று பேரும் சிரித்தோம். கோப்பையை ஸ்பிரிற்றில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெள்ளி வரை இரண்டே நாள்.

பொட்டா, உடைந்த வேலியா?

வியாழக்கிழமை மென்சவ்வு முதல் பூச்சிலேயே கறுத்தது. காது மருந்தில் ஒரு துளியை ஒரு சின்னப் போத்தல் ஸ்பிரிற்றில் கரைத்து, அதிலிருந்து ஊசிமுனையளவு எடுத்துத் தம்ளருக்குள் விட்டேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

டிக்.

அன்ரன் என்னைப் பார்த்தார். டிக். டிக். பிறகு மழைத் துளி கனப்பதுபோல விரைவாகிக்கொண்டே போனது. மென்சவ்வு கறுப்பாக, முழுதாக அப்படியே இருந்தது. உடையாத சவ்வுக்குள்ளால் உப்பு நடந்துகொண்டிருந்தது. நான் துள்ளிக் குதித்ததில் மேசை ஆடி அது உடைந்தது. அன்றைக்கு அந்தக் "கீ" எனக்கு இனிமையாகக் கேட்டது.

அந்த மகிழ்ச்சி ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் நின்றது. பிறகு எனக்கே சந்தேகம். இது கால்வாய் என்று என்ன நிச்சயம்? மருந்தில் வேறு சாமான்களும் கலந்திருக்கும். சவ்வு லேசாகக் கிழிந்து ஒழுகினாலும் இப்படித்தானே டிக் டிக் என்று அடிக்கும்? பேராசிரியர் முதல் வேலையாக இதைத்தான் கேட்பார்.

கால்வாய் என்ற சொல்லும் எனக்கு உதவவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த வீட்டில் வளர்ந்தவள் நான். கால்வாய் என்றதும் வீட்டு வயலின் வாய்க்கால்தான் மனதில் ஓடும். அதில் தண்ணீரும் போகும், வைக்கோலும் போகும், போன வருசம் தொலைந்த செருப்பும் போகும். வந்ததையெல்லாம் விடுகிற வழி அது. நான் இதைச் சொல்லிப் புலம்ப, அன்ரன் பின் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வேலியிலும் அப்படி ஒரு இடைவெளி இருக்கும்.

"ரீச்சர், உது பொட்டோ, வேலி பிரிஞ்சு கிடக்கோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"எப்பிடி?"

"பொட்டெண்டா கோழி போகும், நாய் போகும். மாடு போகாது. வேலி பிரிஞ்சு கிடந்தால் மாடும் போயிடும். அப்ப மாட்டை விட்டுப் பாக்கவேண்டியதுதானே?"

நான் கொப்பியைப் பாய்ந்து எடுத்தேன். இருந்தது! கிராமிசிடின் சோடியத்தை விடும், பொற்றாசியத்தை விடும், கல்சியத்தை விடாது. அது பருமனால் அல்ல, கல்சியத்தின் இரட்டை ஏற்றத்தால். ஆனால் அன்ரனின் மாட்டோடு அந்த நேரத்தில் நான் வாதாடப் போகவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஈரம் உறிஞ்ச வைக்கும் கல்சியம் குளோரைட்டு ஒரு போத்தல் இருந்தது.

வெள்ளிக்கிழமை. முதலில் சாதாரண உப்புத் தண்ணீர்: கறுத்தது, மருந்து விட்டேன், டிக் டிக் என்று அடித்தது. அடுத்தது, புதுக் கோப்பையில், கல்சியம் கரைத்த தண்ணீர்: கறுத்தது, மருந்து விட்டேன். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அன்ரி குசினி வாசலில் அகப்பையோடு வந்து நின்றா. சத்தமே இல்லை. கடைசியில் ஊசியால் நானே சவ்வைக் குத்தினேன். "கீ" என்று கத்தியது. கருவி உயிரோடுதான் இருக்கிறது, கல்சியத் தண்ணீரிலும் மின்னோட்டம் போகிறது, மென்சவ்வு மட்டும்தான் விடவில்லை. மாடு போகவில்லை! அது பொட்டுத்தான்!

"திரும்பச் செய்வம், கெதியா!" என்றேன். அன்ரன் கம்பியைத் தொடுத்தார். சத்தம் வரவில்லை. தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கார் பற்றறி இறங்கிவிட்டது. சைக்கிள் டைனமோவை மிதித்தால் அந்த அதிர்விலேயே மென்சவ்வு உடைந்துவிடும். அதை மின்னேற்றித் தரும் ஆள் திங்கட்கிழமைதான் வருவார்.

ஒரு தரம்

என் மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது ஒன்று: மூன்று தரம் வராவிட்டால் அது முடிவு அல்ல, அதிர்ஷ்டம். இப்போது என் கையில் ஒரேயொரு தரம் இருந்தது. கடையின் கதிரையில் இருந்தபடியே கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

"மூண்டு தரம் எண்டு எழுதுங்கோ," என்றார் அன்ரன். "திங்கக்கிழமை பற்றறி வந்தால் மிச்சத்தைச் செய்யத்தானே போறம்? திரும்பவும் உதுதான் வரும். பொய்யில்லையே."

"இன்னும் செய்யேல்லையே அன்ரன்."

"ஆர் வந்து பாக்கப் போகினம்? ரீச்சர், ஒரு தரம் எண்டு எழுதினால் அந்தாள் கடுதாசியைச் சுருட்டி எறிஞ்சுபோடும். உங்கட வாழ்க்கை இது."

அவர் எனக்காகத்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது? மூன்று என்று எழுதி, பேனையைத் தூக்கிப் பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. நாற்பத்திநாலு கரிக்கோடு கீறிய சுவர் எதிரில் இருந்தது. அந்தக் கருவி ஒருநாளும் எங்களுக்கு முகஸ்துதி செய்ததில்லை. நான் மட்டும் எதற்கு? வெட்டிவிட்டு "ஒரு தரம்" என்று எழுதினேன். பற்றறி இறங்கியதையும் எழுதினேன். சவர்க்காரத்துக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். சனிக்கிழமை காலையில் கடிதம் பையோடு போய்விட்டது.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், இடம் கிடைக்காது என்று மனதைப் பழக்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பற்றறி வந்தது. ஆனால் குப்பியில் மருந்து தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலும் வேறு இல்லை. மிச்சம் இரண்டு தரம் நடக்கவேயில்லை. அன்ரன் இதைக் குத்திக் காட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாரி மழை தொடங்கிய நாளில் பதில் வந்தது. வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்து ஒட்டினார்களோ, உறை பாதிதான் இருந்தது. பிரிக்கப் பயந்து, நேரே கடைக்குக் கொண்டுபோனேன். அன்ரிதான் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தா. ஆங்கிலத்தில் நாலே வரி. நான் வாய்க்குள் வாசித்தேன். பிறகு சத்தமாகத் தமிழில் சொன்னேன்:

"மூன்று தடவை செய்ததாக எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். உங்களுடையது போல ஒன்று வந்ததில்லை. உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். மிகுதி இரண்டு தடவையையும் இங்கே வந்து செய்யுங்கள்."

நான் கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அன்ரி என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டா. அன்ரன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த நாலு வரியிலும் விரலை வைத்துத் தேடினார்.

"ரண்டு எண்டுதானே போட்டிருக்கு? வடிவாப் பாருங்கோ ரீச்சர், மூண்டு இல்லையே?"

"ஓம், ரண்டுதான்."

"அப்ப எங்கட ஒண்டை அந்தாள் ஏத்துக்கொண்டிட்டுது!" என்று கத்திக்கொண்டு, கடைக்கு வந்து நின்றவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டார்.